பூட்டிய ஷெட்டில் ஒரு பேட்டரித் திருட்டு

காலை 5.40. வண்டி செத்துக் கிடந்தது.

முந்தின நாள் சாயங்காலம் வரை ஊர் முழுக்கச் சுற்றிய மோட்டார் சைக்கிள் அது. ஷெட்டுக்குள் தள்ளிப் பூட்டியபோது அதற்கு ஒரு குறையும் இல்லை. காலையில் சாவியைத் திருப்பினால் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. செல்ஃப் பொத்தானை அழுத்தினால் மரியாதைக்கு ஒரு 'டிக்' கூட இல்லை. ஹாரன் ஊமை. மூன்று வாரத்தில் இது ஐந்தாவது தடவை.

வண்டிக்குச் சொந்தக்காரி அந்த வீட்டு மருமகள். ரத்த வங்கியிலிருந்து ஆஸ்பத்திரிகளுக்கு ரத்தப் பைகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வேலை. முதல் நடை காலை ஆறு மணிக்கு. இன்று அவள் மூச்சிரைக்கத் தெருமுனை வரை ஓடி, போகிற வண்டியொன்றை மறித்து, இருபத்தைந்து நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாள். ஆபரேஷன் மேஜையில் ஒருவர் காத்துக்கொண்டிருந்தார்.

ரத்த வங்கி மேலாளர் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சோதனைக் காலம் இன்னையோட முடியுது. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வண்டியோட வந்து நின்னா இந்த வேலை உனக்கு. இல்லைன்னா இந்த ரூட்டை வேன்காரர்கிட்ட கொடுத்துடுவேன். எனக்கு வேற வழியில்லம்மா."

காலை 8.15.

டயர் கடைக்கும் பெயின்ட் கடைக்கும் நடுவில், ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அகலத்தில் ஒரு கடை உண்டு. வண்டி வயரிங் வேலை மட்டும்தான் அங்கே. கடைக்காரி எப்போதும் கழுத்தில், கரண்ட் அளக்கிற ஒரு மல்டிமீட்டரை மாலை போலத் தொங்கவிட்டிருப்பாள். அதனால் மீட்டரம்மா. சொந்தப் பெயர் அவள் அடையாள அட்டைக்கும் அவள் புருஷனுக்கும் மட்டும் தெரியும். புருஷனுக்கும் மறந்திருக்கலாம்.

மருமகள் நின்றுகொண்டே மொத்தக் கதையையும் கொட்டினாள். மெக்கானிக் இரண்டு தடவை பார்த்துவிட்டார். பேட்டரி புதிது, போட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. புதுசும் அதே மாதிரி காலியாகிறது. கிக்கர் இல்லாத வண்டி. பெட்ரோல் பம்ப்பே கரண்டில் ஓடுவதால் தள்ளிப் பார்த்தாலும் பலன் இல்லை. கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"யாரோ வேணும்னே பண்றாங்க அக்கா."

மீட்டரம்மாவுக்கு முகம் சுருங்கியது. இருபத்திரண்டு வருடத் தொழிலில் இந்த வாக்கியத்தை அவள் நூறு தடவையாவது கேட்டிருப்பாள். ஒவ்வொரு தடவையும் அந்த 'யாரோ'வுக்கு வாலும் நான்கு காலும் இருந்தன. எலிக்குத் தெரியாத வயரிங் இல்லை.

"எலி கடிச்சிருக்கான்னு பார்த்தியா?"

"மெக்கானிக் பார்த்தாரு. இல்லையாம். ஷெட்டுக்கு ரெண்டு சாவி அக்கா. ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு எங்க மாமாகிட்ட."

"மாமான்னா?"

"மாமனார். நான் வண்டி வாங்கின அன்னைக்கே சொல்லிட்டாரு, 'இதெல்லாம் நமக்கு ஒத்துவராது, விழுந்தா நான் தூக்க வரமாட்டேன்'னு. வீட்டுக்காரர் வெளியூர்ல வேலை. வீட்ல நாங்க ரெண்டு பேர்தான். வேற யாரு பண்ணுவா?"

"அவரைக் கேட்டியா?"

"காலையில போன்ல என் வீட்டுக்காரர்கிட்ட கத்திட்டேன். 'உங்கப்பா இருக்கற வீட்ல என் வண்டி ஓடாது'ன்னு. மாமா வாசல்லதான் இருந்தாரு. காதுல விழுந்திருக்கும்." அவள் கண் கலங்கியது. "விழட்டும்."

மீட்டரம்மா பெருமூச்சு விட்டாள். வயர் அறுந்தால் ஒட்டுப்போடலாம். இந்த மாதிரிப் பேச்சு அறுத்துப்போட்டதை ஒட்டுவது கஷ்டம்.

"பேட்டரியை ராத்திரி கழட்டி உள்ள வெச்சுக்கோ. நாளைக்குத் தப்பிச்சிடலாம்" என்றாள், சோதித்துப் பார்ப்பதுபோல.

"தினம் கழட்டவா? வீட்டுக்குள்ளயே திருடனை வெச்சுக்கிட்டு?"

"அதுவும் சரிதான்." மீட்டரம்மா மேஜைமேல் இருந்த சார்ஜ் ஏறிய பேட்டரி ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். "வா, திருடனைப் பார்க்கலாம்."

காலை 9.00.

தகரக் கூரை, சிமென்ட் தரை, இரும்புத் தகட்டுக் கதவு. ஜன்னல் கிடையாது. மேலே உள்ளங்கை அளவு ஒரு ஓட்டை, அதிலும் கம்பிவலை. உள்ளே வரவேண்டுமென்றால் கதவு வழியாகத்தான் வரவேண்டும். கதவு வழியாக வரவேண்டுமென்றால் சாவி வேண்டும். பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

வண்டியின் பின்பக்கம் உள்சுவரைப் பார்த்திருந்தது, முகம் கதவை. காலையில் நேராக வெளியே போக வசதியாக மருமகள் எப்போதும் பின்னாலேயே தள்ளி நிறுத்துவாளாம். கூரையிலிருந்து துருப்பொடி உதிரும் என்பதால் இரண்டாக மடித்த நீலத் தார்ப்பாயைப் பின்விளக்கிலிருந்து பெட்ரோல் டேங்க் வரை போர்த்தியிருந்தாள். கைப்பிடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கதவோரத்தில் வாளி, துடைப்பம். ஆணியில் கயிறு, கிழிந்த குடை, டயர் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர்ப் பட்டைகள். யார் வீட்டு ஷெட்டிலும் இருக்கிற சாமான்கள்தான்.

மீட்டரம்மா தார்ப்பாயைச் சுருட்டி ஓரமாகப் போட்டாள். பேட்டரியில் மீட்டரை வைத்தாள். பன்னிரண்டரை காட்டவேண்டிய இடத்தில் மூன்று வோல்ட்.

"சுத்தமா வழிச்சு நக்கியிருக்கு" என்றாள்.

தான் கொண்டுவந்த பேட்டரியை மாட்டினாள். பொத்தானைத் தொட்டதும் வண்டி 'இதோ வந்துட்டேன்' என்று கிளம்பியது. சார்ஜ் ஏறுகிறதா? பதினான்கு வோல்ட், குறை சொல்ல முடியாது. செல்ஃப் மோட்டார் நன்றாக இருந்தது. ரிலேயும் அப்படியே.

அடுத்தது முக்கியமான சோதனை. சாவியைக் கழற்றினாள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைப் பிரித்து நடுவில் மீட்டரை மாட்டினாள். வண்டி சும்மா நிற்கும்போது எங்கேயாவது கரண்ட் கசிந்தால் இதில் தெரிந்துவிடும்.

பூஜ்யம்.

வயர்க் கட்டை அசைத்துப் பார்த்தாள். கைப்பிடியை இடது, வலது என்று கடைசி வரை திருப்பினாள். சீட்டைத் தட்டினாள். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

"மெக்கானிக்கும் இதைத்தான் பண்ணாரு. 'வண்டியில லீக் இல்ல, ஆளுங்கதான் லீக்'னு சொல்லிட்டுப் போனாரு" என்றாள் மருமகள்.

மீட்டரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மூடிய ஷெட்டுக்குள் ஒரு பேட்டரி தானாகக் காலியாகாது. வண்டி குடிக்கவில்லை என்றால் வேறு ஏதோ குடித்திருக்கிறது. முதல்முறையாக அவளுக்கும் 'யாரோ' என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

"நீ நடைக் கணக்கு எழுதற நோட்டு இருக்கா?"

இருந்தது. ஒவ்வொரு நாளும் எத்தனை நடை, எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணி. வண்டி கிளம்பாத ஐந்து காலைகளுக்கும் முந்தின நாட்களை மீட்டரம்மா விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். ஒன்பது நடை. பத்து. ஒன்பது. பதினொன்று. பத்து. மற்ற நாட்களில் நான்கு, ஐந்து, கூடிப்போனால் ஆறு.

"அதிகமா ஓடினா மறுநாள் படுத்துக்குது" என்றாள் மருமகள். "வண்டிக்கும் அலுப்பா இருக்குமோ?"

"தலைகீழா இருக்கும்மா. ஓட ஓடத்தான் பேட்டரி நிறையும். பத்து நடை ஓடின அன்னைக்கு அது ஏப்பம் விடணும், பட்டினி கிடக்கக் கூடாது." மீட்டரம்மா நோட்டை மூடினாள். "அந்த மாதிரி நாள்ல நீ வந்து என்ன பண்ணுவ? ஒண்ணு விடாம சொல்லு."

"என்ன பண்ண? கையெல்லாம் விட்டுப்போயிருக்கும். நியூட்ரல்ல போட்டுப் பின்னால தள்ளுவேன். சென்டர் ஸ்டாண்டுல ஏத்தத் தெம்பு இருக்காது, சைடு ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, தார்ப்பாயைப் போட்டு, கதவைச் சாத்திட்டுப் போயிடுவேன். மாமாதான் கடைசியா பூட்டுவாரு. குளிச்சா தூக்கம்தான்."

மீட்டரம்மா அதை மனதில் வாங்கிக்கொண்டாள். கழற்றி வைத்த ஒரு போல்ட் அவள் முழங்கையில் பட்டு விழுந்தது. விழுந்த இடத்தில் நிற்காமல் கதவை நோக்கி உருண்டு, வாசல்படியில் முட்டி நின்றது. வண்டி கழுவிய தண்ணீர் வெளியே ஓடுவதற்காகத் தரையைச் சரிவாகப் போட்டிருந்தார்கள்.

காலை 9.40.

மாமனார் வாசலில் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தார். படிக்கிறவர் பக்கத்தைத் திருப்புவார். அவர் அரைமணி நேரமாகத் திருப்பவில்லை.

முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். உட்காரும்போதுகூட ஸ்டியரிங்குக்கு இடம் விட்டு உட்காருவார். மீட்டரம்மா எதிரே போய் நின்றாள்.

"ஐயா, ஷெட்டைக் காலையில முதல்ல திறக்கறது யாரு?"

"நான்தான்."

"எத்தனை மணிக்கு?"

"அஞ்சு."

"எதுக்கு?"

"வாளி எடுக்க."

"ராத்திரி பூட்டறது?"

"நான்தான். ஒன்பது மணிக்கு."

"வண்டியைத் தொடுவீங்களா?"

அவர் செய்தித்தாளை மடித்து மடியில் வைத்தார்.

"சாவி அவ கையில இருக்கு. சாவி இல்லாம நான் என்னத்தைத் தொட?"

"தொட்டீங்களா இல்லையான்னு கேட்டேன்."

"அதான் காலையிலயே தீர்ப்பு சொல்லியாச்சே. இப்ப எதுக்கு விசாரணை?" அவர் எழுந்துவிட்டார். "ரெண்டே ரெண்டு சக்கரம். கை பிரேக்கு கிடையாது. இதையும் ஒரு வண்டின்னு வாங்கி வெச்சா அது இப்படித்தான் உசிரை வாங்கும். நான் சொன்னா யாரு கேக்கறா?"

உள்ளே போய்விட்டார். சமையலறையில் பாத்திரம் ஒன்று தேவைக்கு மேல் சத்தமாக வைக்கப்பட்டது.

மருமகள் கையை விரித்தாள். "பார்த்தீங்களா? நேரா பதில் வருதா?"

வரவில்லை. கேள்விக்குக் கேள்வியாகப் பதில் சொல்கிறவர் எதையோ மறைக்கிறார் என்பதில் மீட்டரம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் கோபத்தில் திருட்டு முழி இல்லை. மனசு நொந்துபோன ஆளின் கோபம் அது. கொஞ்சம் கடுமையாகக் கேட்டுவிட்டோமோ என்று அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

காலை 10.10.

அவள் மறுபடி ஷெட்டுக்குள் போனாள். இந்தத் தடவை மீட்டரைத் தொடவில்லை. கண்ணால் மட்டும் பார்த்தாள்.

கைப்பிடிகளின் ரப்பர் வரிகளில், கை பட்டும் போகாத அளவுக்குத் துருப்பொடி மெல்லிசாக ஒட்டிப் படிந்திருந்தது. இடது கைப்பிடியில் ஒரே சீராக இருந்தது. வலது கைப்பிடியில், நடுவே, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வளையம் மட்டும் துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. அதற்கு நேர் எதிரே முன் பிரேக் நெம்புகோலிலும் அதே அகலத்தில் அதே சுத்தம்.

பின்பக்கம் போனாள். வண்டிக்கு ஏழு வயது இருக்கும். பின்விளக்கு மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளத்தது.

"இது எப்ப மாத்தினது?"

"போன மாசம்... எங்கயோ இடிச்சு உடைஞ்சுடுச்சு."

"எங்க மாத்தின?"

"கடையில" என்றாள் மருமகள். சொல்லும்போது அவள் பார்வை தரையில் இருந்தது.

மீட்டரம்மா முன்விளக்கின் மூடியைக் கழற்றினாள். உள்ளே வயர்களும் இணைப்புகளும் கொத்தாக இருந்தன. எல்லா ஒட்டுக்கும் கறுப்பு டேப். ஒரே ஒரு ஒட்டுக்கு மட்டும் வெள்ளை. உற்றுப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட இடத்தில் ஒட்டுகிற பிளாஸ்திரி. அந்த வயர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று விரலால் தடவிப் பார்த்தாள். மூடியைத் திரும்பப் போட்டாள்.

கடைசியாக, ஓரத்தில் சுருட்டிப் போட்ட தார்ப்பாயை விரித்தாள். வெளிப்பக்கம் நல்ல நீலம். உள்மடிப்பில், பின்விளக்கின்மேல் விழுகிற இடத்தில், ஒரு கையளவுக்குப் பிளாஸ்டிக் சுருங்கி மொடமொடவென்று ஆகியிருந்தது. அப்பளம் சூட்டில் சுருங்குமே, அந்த மாதிரி.

மீட்டரம்மா எழுந்து நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். வாய் கோணிக்கொண்டு ஒரு சிரிப்பு வந்தது.

"உனக்கு இன்னைக்கு நடை இருக்கில்ல? என் பேட்டரியோட போ. சாயங்காலம் அஞ்சரைக்கு இங்க இரு. உங்க மாமாவும் இருக்கணும்."

"திருடன் கிடைச்சுட்டானா?"

"ஒருத்தன் இல்லம்மா. ரெண்டு பேர்."

மாலை 5.30.

வெளியே இன்னும் வெயில் இருந்தது. மூன்று பேரும் ஷெட்டுக்குள் நின்றார்கள். மாமனார் வரமாட்டேன் என்றுதான் சொன்னார். 'உங்க மேல விழுந்த பழியைத் துடைக்கணும்னா வாங்க, வேண்டாம்னா காலம்பூரா சுமங்க' என்று மீட்டரம்மா சொன்னதும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். மருமகள் கையில் ஹெல்மெட். அன்றைக்கும் ஒன்பது நடை. வண்டி சைடு ஸ்டாண்டில், தார்ப்பாய் போர்த்தி, முகம் கதவைப் பார்த்து நின்றது. சாவி அவள் இடுப்புப் பையில்.

"ஐயா, ராத்திரி ஒன்பது மணிக்கு இந்த வண்டி சைடு ஸ்டாண்டுல நிக்கறதைப் பார்த்தா நீங்க என்ன பண்ணுவீங்களோ, அதை இப்பப் பண்ணுங்க."

மாமனார் அசையவில்லை.

"நான் பண்ணட்டுமா?" மீட்டரம்மா ஆணியிலிருந்து ஒரு ரப்பர்ப் பட்டையை உருவினாள். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து, பட்டையை இரண்டு சுற்றுச் சுற்றிக் கைப்பிடியோடு சேர்த்து முடிந்தாள். "சரியா கட்டியிருக்கேனா?"

"முடிச்சு தளர்ச்சி" என்று மாமனார் வாய் தவறிச் சொல்லிவிட்டார். சொன்னபிறகு மீசையைத் தடவிக்கொண்டார்.

மருமகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன இது?"

"இதுதான் கை பிரேக்கு" என்றாள் மீட்டரம்மா. "முப்பது வருஷம் பஸ் ஓட்டினவருக்கு, வண்டியை விட்டு இறங்கும்போது கை பிரேக் இழுக்கலைன்னா தூக்கம் வராது. அதுவும் சரிவான தரை, வண்டியோட மூஞ்சி சரிவைப் பார்த்து, நியூட்ரல்ல, சைடு ஸ்டாண்டுல. ஒரு அடி முன்னால உருண்டா போதும், ஸ்டாண்டு மடங்கி வண்டி சாஞ்சுடும். நீ அலுத்துப்போய் வந்த நாள்ல மட்டும்தான் சைடு ஸ்டாண்டு. அந்த நாள்ல மட்டும்தான் இவர் கட்டுவாரு. அஞ்சு மணிக்கு வாளி எடுக்க வரும்போது அவுத்துடுவாரு. உனக்குத் தெரியவே தெரியாது."

"ஆனா பேட்டரி..."

"கதவைச் சாத்து. லைட்டை அணை."

கதவு மூடியது. ட்யூப்லைட் அணைந்தது. கும்மிருட்டு. மீட்டரம்மா தார்ப்பாயின் பின்நுனியைத் தூக்கினாள்.

சுவர் முழுக்கச் சிவப்பு.

பிரேக் விளக்கு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருந்தது. சாவி மருமகளின் இடுப்புப் பையில் இருந்தது.

மாமனாரின் குரல் இருட்டிலிருந்து வந்தது, தேய்ந்துபோய்.

"அப்ப... நான்தானா? நான்தான் பண்ணியிருக்கேனா?"

"பாதி நீங்க" என்றாள் மீட்டரம்மா. "நல்ல வண்டியில நீங்க பிரேக்கை எத்தனை மணி நேரம் கட்டி வெச்சாலும் ஒண்ணும் ஆகாது. சாவி இல்லாம பிரேக் லைட்டுக்குக் கரண்ட் போகாது. இந்த வண்டியில போகுது. ட்யூப்லைட் வெளிச்சத்துல, தடிச்ச தார்ப்பாய்க்கு அடியில எரிஞ்சா உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க முன்னால நின்னு கட்டிட்டுப் போயிடறீங்க. விளக்கு ராத்திரி பாதிக்குள்ள பேட்டரியைக் குடிச்சு முடிச்சுட்டு, தானும் அணைஞ்சுடும். காலையில நீங்க வரும்போது வெளிச்சமும் இல்ல, சாட்சியும் இல்ல. நானும் மெக்கானிக்கும் மீட்டர் வெச்சப்ப பிரேக் சும்மா இருந்தது. அதான் பூஜ்யம். சாவி போடாம யாராவது பிரேக்கைப் பிடிச்சுச் சோதிப்பாங்களா? நானே பண்ணல. அந்த வளையத்தையும் சுருங்கின தார்ப்பாயையும் பார்த்தப்புறம்தான் எனக்கு உறைச்சுது."

அவள் லைட்டைப் போட்டாள். மருமகளின் முகம் வெளுத்திருந்தது.

"மீதிப் பாதி யாருன்னு நான் சொல்லவா, நீ சொல்றியா? எந்த வயரிங்காரனும் ஒட்டுக்குப் பிளாஸ்திரி போடமாட்டான். அது யாரு பையில இருக்கும்?"

மருமகள் ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டுத் தானும் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போன மாசம் வண்டி ஷெட்டுக்குள்ள விழுந்துடுச்சு. நீங்க சொன்ன மாதிரிதான், உருண்டு. பின்னாடி லைட்டு உடைஞ்சுது. முன்னாடி ஒரு வயர் அறுந்துது. கடைக்கு எடுத்துட்டுப் போனா தெருவே பார்க்கும், மாமாவுக்குத் தெரிஞ்சுடும். 'நான் அப்பவே சொன்னேன்'னு சொல்வாரு. அதான் அவர் வெளியில போன நேரம், போன்ல வீடியோ பார்த்து நானே... அறுந்த வயரோட அந்த முனை கட்டுக்குள்ள போயிடுச்சு, கிடைக்கல. பக்கத்துல ஒரு சிவப்பு வயர்ல கரண்ட் வந்துது. அதுல சேர்த்தேன். பிரேக் பிடிச்சா லைட் எரிஞ்சுது. சரியாயிடுச்சுன்னு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா?"

"அந்தச் சிவப்பு பேட்டரியிலிருந்து நேரா சாவிக்கு வர்றது. எப்பவும் உசிரோட இருக்கும். நீ சேர்க்க வேண்டியது சாவியைத் தாண்டி வர்ற பழுப்பு வயர்ல. ரெண்டும் அக்கம்பக்கத்துலதான் இருக்கு, ஒரு விரல் தள்ளி." மீட்டரம்மாவின் குரலில் கண்டிப்பைவிட மெச்சுதல் அதிகம் இருந்தது. "ஆனா ஒட்டு நல்ல ஒட்டு. முதல் தடவைக்கு இவ்வளவு இறுக்கமா நான்கூட முறுக்கினதில்ல."

"அது விழுந்தது எனக்குத் தெரியும்" என்றார் மாமனார்.

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சத்தம் கேட்டுது. ஓடி வந்தேன். நீ தனியா தூக்கிக்கிட்டு இருந்த. உதவிக்கு வரலாம்னு கால் வெச்சேன். அப்புறம், விழுந்தா தூக்க வரமாட்டேன்னு வாயை விட்டது ஞாபகம் வந்துது. எந்த மூஞ்சியோட வர்றதுன்னு கதவுக்குப் பின்னாலயே நின்னுட்டேன்." அவர் ரப்பர்ப் பட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "காலையில பார்த்தா சிவப்புக் கண்ணாடித் துண்டு ஒண்ணு கிடந்துது. உன் கால்மேல விழுந்திருந்தா? அன்னையிலிருந்துதான் கட்ட ஆரம்பிச்சேன். உன்கிட்ட சொன்னா, கிழவன் வண்டிக்கு எதிரா பேசிட்டு இப்ப அதுக்குக் காவல் காக்கறான்னு சிரிப்பியேன்னு..."

"நான் உங்களைத் திருடன்னு சொன்னேன் மாமா." அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "உங்க பையன்கிட்டயே சொன்னேன்."

"நானும்தான் தெரியாம உன் வேலையைக் கெடுக்க இருந்தேன். விடு." அவர் மீட்டரம்மா பக்கம் திரும்பினார். "ஏம்மா, கியர்ல போட்டு நிறுத்தினா உருளாதுன்னு சொல்றாங்களே?"

"உருளாது."

"கியரை நம்பி வண்டியை விட்டுட்டுப் போறவன் டிரைவரா?" என்றார் அவர். அதில் மட்டும் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

சரிசெய்வதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மீட்டரம்மா பிளாஸ்திரியை உரித்தாள். அந்த வயரைச் சிவப்பிலிருந்து எடுத்துப் பழுப்பில் சேர்த்து, ஈயம் வைத்து, டேப் சுற்றினாள். சிவப்பு வயரின் காயத்துக்கும் ஒரு கட்டுப் போட்டாள். கதவைச் சாத்தி, பிரேக்கைக் கட்டி, தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்கள். இருட்டு. சாவியைப் போட்டார்கள். சிவப்பு. எடுத்தார்கள். இருட்டு. மாமனார் இதை ஏழெட்டுத் தடவை செய்து பார்த்தார்.

"ஆனா இது ராத்திரி முழுக்கச் சோதிச்ச மாதிரி இல்லையே" என்றாள் மருமகள். பயம் முழுதாகப் போகவில்லை. "இன்னைக்கு மட்டும் கட்டாம விட்டுடலாமா? நாளைக்குத்தான் கடைசி..."

அது மருமகளின் வண்டி, அவள் வேலை. முடிவும் அவளுடையதாக இருக்கட்டும் என்று மீட்டரம்மா கருவிகளைப் பைக்குள் அடுக்கினாள்.

மருமகள் வண்டியையும் மாமனாரையும் பார்த்தாள். பட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"கட்டிட்டே பூட்டுங்க மாமா. முடிச்சு தளர்ச்சியா இல்லாம."

மறுநாள் காலை 5.35.

மீட்டரம்மாவுக்கு அங்கே வேலையே இல்லை. கூலி முந்தின நாளே வாங்கியாகிவிட்டது. ஆனாலும் நான்கரைக்கே முழிப்பு வந்து, பால் வாங்கப் போவதாகப் புருஷனிடம் சொல்லிவிட்டு, பால்கடைக்கு எதிர்த் திசையில் நடந்து அந்த வீட்டுக்கு வந்து நின்றாள். பையில், எதற்கும் இருக்கட்டும் என்று, சார்ஜ் ஏறிய இன்னொரு பேட்டரி.

ஷெட் கதவு திறந்திருந்தது. வண்டி கழுவித் துடைக்கப்பட்டிருந்தது. பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடிகள் இரண்டையும் யாரோ துணியால் தேய்த்துத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கியிருந்தார்கள். பட்டை இன்னும் பிரேக்கில் இருந்தது. ராத்திரி முழுக்க இருந்திருக்கிறது. மாமனார் அதை அவிழ்த்து மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

மருமகள் ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள். வண்டியின் மீட்டரில் பச்சை விளக்கு வந்தது. கட்டைவிரல் பொத்தானின்மேல் போய் நின்றது. அழுத்தாமல் ஒரு கணம் அப்படியே இருந்தது. மீட்டரம்மா தன்னையறியாமல் தன் மீட்டரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அழுத்தினாள்.

முதல் தொடுதலிலேயே வண்டி கிளம்பியது.

மருமகள் 'ஆ' என்று சத்தம் போட்டுச் சிரித்தாள். மணி 5.38. ஆறு மணிக்குள் போகத் தாராளமாக நேரம் இருந்தது. ஆனால் அவள் உடனே கிளம்பவில்லை. சந்தின் முனையில் பெரிய சாலை; இரண்டு பக்கமும் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. தினமும் அந்த முனையில் பாதி பயந்துகொண்டேதான் திருப்புவாள்.

மாமனார் விறுவிறுவென்று சந்துமுனை வரை நடந்தார். சாலையில் இறங்கி வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். வந்துகொண்டிருந்த ஒரு லாரியைக் கையைக் காட்டி நிறுத்தினார். லாரிக்காரர் ஏதோ திட்டினார். இவர் கண்டுகொள்ளவில்லை. முப்பத்தொரு வருடம் தனக்குப் பின்னாலிருந்து கண்டக்டர் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்த அந்தச் சொல்லை வாழ்க்கையில் முதல்முறையாகத் தானே சொன்னார், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

"ரைட்டு! போலாம்மா, போ!"